மூணு சாக்கு பிட்டுத் துணி

போன வைகாசில எங்க தெரு முனை டெய்லர் அக்கா கடையை மூடினாங்க. இருபது வருஷத்துக்கு மேல அதே இடம், காலால மிதிக்கிற அதே மெஷின், புதுச்சேரி முத்தியால்பேட்டைல எங்க பக்கத்து நாலு தெரு பொம்பளைங்களுக்கும் அவங்கதான் ப்ளவுஸ் தெச்சாங்க. இப்ப ஊசில நூல் கோக்கவே கண்ணு ஒத்துழைக்கல, பொண்ணு வீட்டோட கடலூர் மஞ்சக்குப்பம் போயிடறேன்னு சொல்லிட்டாங்க. கடையைக் காலி பண்ற அன்னைக்கு என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, நீதான் துண்டு துணி கேட்டு கேட்டு வாங்கிட்டுப் போவியே, மொத்தத்தையும் எடுத்துக்கிறியா, இல்ல குப்பை வண்டில போடட்டுமா"ன்னு கேட்டாங்க. துண்டுத் துணில ஒட்டுப்போர்வை தைக்கறவ நான், குப்பை வண்டின்னு கேட்டதும் எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. மூணு அரிசிச் சாக்கு. ரெண்டு தடவை ஸ்கூட்டில வெச்சு வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

மாடில பழைய பாயைப் போட்டு முதல் சாக்கைக் கொட்டினதும் அப்படியே உக்காந்துட்டேன். கழுத்து வெட்டினப்போ விழுற பிறை மாதிரி துண்டு, கை வெட்டினதுல ஓரமா மிஞ்சற நீள நீள வால், லைனிங் துணி, புடவையோட வர ப்ளவுஸ் பிட்டுல மிச்சம், கைலி ஓரம், நைட்டித் துணி, ஒரு முழு பை நிறைய ஸ்கூல் யூனிஃபார்ம் நீலக் கட்டம். எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னி, நூல் பிசிறு சுத்தி, நடுவுல சாக்பீஸ் துண்டும் கொக்கியும் கெடந்துச்சு. அன்னைக்கு ஒரு துண்டைக்கூட தைக்கல, பிரிச்சு மட்டும் வெச்சேன், அதுக்கே பொழுது சாஞ்சு போச்சு.

பிரிக்கறதுலதான் எல்லாமே இருக்குன்னு எனக்கு இப்ப உறுதியா தெரியும், ஏன்னா முதல்ல நான் போட்ட ஒட்டுப்போர்வை அதுலதான் கெட்டுப்போச்சு. அது அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி. என் அக்கா பொண்ணுக்குக் குழந்தை பொறந்தப்ப, கலர் கலரா எல்லாம் எடுத்து, கண்ணுக்கு எது நல்லா இருந்துச்சோ அதெல்லாம் சேர்த்துத் தெச்சேன். வெள்ளை மல் துணி, சிவப்பு சுங்குடி, பளபளன்னு ஒரு பாலியஸ்டர் லைனிங், எல்லாம் ஒரே போர்வைல. முதல் தடவை துவைச்சப்பவே சிவப்பு வெள்ளைல இறங்கிடுச்சு, பருத்தி சுருங்கிச்சு, பாலியஸ்டர் சுருங்கல, அதனால அங்கங்க பை மாதிரி உப்பிக்கிச்சு. அயர்ன் பண்ணி நேராக்கலாம்னு பெட்டியைச் சூடா வெச்சா லைனிங் உருகி ஒட்டிக்கிச்சு. ஒரு மாசம் உக்காந்து தெச்சது. அந்த வருத்தம் எனக்கு ரொம்ப நாள் இருந்துச்சு.

அதனால இப்ப நான் கலர் பார்த்துப் பிரிக்கறதே இல்ல. முதல்ல துணி எந்த நூல்னு பார்ப்பேன், அப்புறம் கனம், கலர் கடைசிலதான். நூல் தெரியலன்னா ஓரத்துல ரெண்டு இழை உருவி, சமையல் மேடைல தட்டு மேல வெச்சு தீக்குச்சி காட்டுவேன். பருத்தின்னா பேப்பர் எரியற மாதிரி எரிஞ்சு பேப்பர் வாடையே வரும், சாம்பல் தொட்டா பொடிப்பொடியா உதிரும். பாலியஸ்டர்னா எரியறதுக்கு முன்னாடியே சுருண்டு உருகி, ஆறினதும் கடினமா ஒரு கறுப்பு மணி மாதிரி ஆயிடும், நகத்தால அமுக்கினா நசுங்காது. கலப்பு நூல்னா ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். பட்டு, கம்பளி ரெண்டும் முடி கருகற வாடை அடிக்கும். ரெண்டு இழைதான் எரிக்கணும், துணியோட எரிக்கக் கூடாது, பக்கத்துல தண்ணி வெச்சுக்கணும், குழந்தைங்க இருக்கறப்போ இந்த வேலையே வேண்டாம்.

இதுல எனக்குக் கிடைச்ச பெரிய புதையல் டூ பை டூ ரூபியா. ப்ளவுஸுக்குன்னே வர அந்தப் பருத்தித் துணி நெருக்கமா நெய்ஞ்சிருக்கும், சீக்கிரம் பிசிறு விடாது, மடிச்சா மடிச்ச இடத்துல நிக்கும், உலகத்துல இருக்கற எல்லா நிறத்துலயும் இருக்கும். குவில்ட்டிங்க்கு, அதான் இந்த ஒட்டுப்போர்வை வேலைக்கு, வெளிநாட்டுத் துணி வேணும்னு வீடியோல சொல்றாங்க, நமக்கு அது தேவையே இல்லன்னு நான் அடிச்சுச் சொல்லுவேன், நம்ம தெரு டெய்லர் கடை சாக்குலயே இருக்கு. ஆனா தாம்பூலத்துல வெச்சுக் கொடுக்கற ரவிக்கைத் துணி வேற கதை. கொலுவுக்குப் போனா ஒண்ணு, வளைகாப்புக்குப் போனா ஒண்ணுன்னு நம்ம எல்லார் வீட்டு பீரோலயும் ஒரு அடுக்கு இருக்கும், யாரும் தைக்க மாட்டோம், அடுத்த கொலுல அடுத்தவங்களுக்குக் கொடுப்போம். அதுல நல்ல பருத்தியும் வரும், மொடமொடன்னு பாலியஸ்டரும் வரும். தீக்குச்சி சோதனை அதுக்குக் கட்டாயம். பாலியஸ்டரா இருந்தா நான் தூக்கிப் போடல, அதை மட்டும் தனியா சேர்த்து பைக்கு உள் துணி, மார்க்கெட் பை, மிக்ஸி உறைன்னு தெச்சுடறேன். பருத்தியோட மட்டும் சேர்க்க மாட்டேன்.

சாயத்துக்கு இன்னொரு சோதனை. கருஞ்சிவப்பு, மெரூன், கருநீலம் எது வந்தாலும் ஓரத்தை நனைச்சு வெள்ளைக் கைக்குட்டை நடுவுல வெச்சு அயர்ன் பண்ணிப் பார்ப்பேன். கைக்குட்டைல கறை வந்தா அந்தத் துண்டு வெந்நீர்ல போகும், தண்ணி தெளியற வரைக்கும். கல்லுப்புல ஊறவெச்சா சாயம் நின்னுடும்னு எங்க வீட்டுலயும் சொல்லுவாங்க, நானும் அந்தச் சுங்குடிக்குப் பண்ணேன், நிக்கல. சாயம் போட்டு முடிஞ்ச துணில உப்பு ஒண்ணும் பிடிச்சு வைக்காது. அலசி அலசி மிச்ச சாயத்தை வெளிய எடுக்கறது ஒண்ணுதான் வழி, அலசியும் விட்டுக்கிட்டே இருந்தா அதை வெள்ளை பக்கத்துலயே வைக்காதீங்க.

சரி, பிரிச்சாச்சு. அடுத்தது வெட்டறது. இங்கதான் நான் வருஷக்கணக்கா தப்பு பண்ணிட்டு இருந்தேன். துண்டைப் பத்திரமா மடிச்சு டப்பால வெப்பேன், என்னைக்காவது ஒரு நல்ல டிசைனுக்கு ஆகும்னு. அந்த என்னைக்காவது வரவே வராது. இங்க கடல் காத்து வேற, ஐப்பசி கார்த்திகை மழைல டப்பாவைத் திறந்தா பூஞ்சை வாடை, வெள்ளிப்பூச்சி ஓட்டை. சேர்த்து வெச்ச துணி சேமிப்பு இல்லங்க, கண்ணுக்குத் தெரியாம அழுகற காய்கறி மாதிரிதான். இப்பல்லாம் துண்டு கைக்கு வந்த அன்னைக்கே துவைச்சு, காய வெச்சு, அயர்ன் பண்ணி, அளவா வெட்டிடறேன். வெட்டின துணிக்குத்தான் தைக்கணும்னு ஒரு இழுப்பு வரும்.

அளவு ரெண்டே ரெண்டுதான் வெச்சிருக்கேன். மூன்றரை இஞ்ச் சதுரம், ரெண்டு இஞ்ச் சதுரம். ஏன்னா குவில்ட்டிங்ல தையலுக்கு ஒவ்வொரு பக்கமும் கால் இஞ்ச் போகும், அப்ப மூன்றரை இஞ்ச் தெச்ச பிறகு மூணு இஞ்ச் ஆகும், ரெண்டு இஞ்ச் ஒன்றரை ஆகும். ரெண்டு இஞ்ச் சதுரம் நாலு சேர்த்துத் தெச்சா சரியா ஒரு மூன்றரை இஞ்ச் சதுரம் வந்துடும், எங்க வேணும்னாலும் மாத்திப் போட்டுக்கலாம். இந்தக் கணக்கு பிடிபட்ட அன்னைக்கு எனக்கு அவ்ளோ சந்தோஷம். குழந்தை போர்வை 36-க்கு 45 இஞ்ச்னா 180 சதுரம். ஒத்தைக் கட்டில் 60-க்கு 90-னா 600 சதுரம். 600-ன்னு கேட்டா மலைப்பாதான் இருக்கும், ஆனா ஒரு சாக்குலயே எனக்கு எழுநூத்துச் சொச்சம் வந்துச்சு.

கால் இஞ்ச்னு சொன்னேன்ல, டெய்லரிங் பழகினவங்களுக்கு அதுதான் கஷ்டம். நாம ப்ளவுஸ்ல உள்ள தாராளமா விட்டுத்தான் பழக்கம், உடம்பு போட்டா பிரிச்சு விடணும்ல. இங்க அப்படி இல்ல, ஒரு நூல் அளவு கூடினாலும் இருபது சதுரம் தாண்டும்போது ஒரு வரிசை ஒரு விரக்கடை குட்டையா நிக்கும். நான் மெஷின் தகடுல ஊசிலருந்து சரியா கால் இஞ்ச் அளந்து, பிளாஸ்திரி டேப்பை நாலு அடுக்கு ஒட்டி வெச்சிருக்கேன். துணி ஓரம் அந்தத் திட்டுல உரசிக்கிட்டே போனா போதும், கண்ணால பார்க்க வேண்டாம். தெச்சதும் ரெண்டு தையல் மடிப்பையும் கரு நிறத் துணி இருக்கற பக்கமா சாய்ச்சு அயர்ன் பண்ணணும், இல்லன்னா வெளிர் துணி வழியா உள்ள இருக்கறது நிழலாத் தெரியும்.

இதுக்குன்னு தனியா நேரம் ஒதுக்க முடியலன்னு சொல்றவங்களுக்கு ஒரு வழி. மெஷின் பக்கத்துல ஒரு சோப்பு டப்பால வெட்டின சதுரங்களை வெச்சிருங்க. நீங்க நைட்டி மூட்டறீங்க, தலகாணி உறை தைக்கறீங்க, ஒரு தையல் முடிஞ்சதும் நூலை வெட்டாம அதுக்கடுத்து ரெண்டு சதுரத்தை ஜோடியா குடுத்து ஓட்டிருங்க, அப்புறம் அதுக்குப் பின்னாடி வெட்டிக்கலாம். நூலும் மிச்சம், போர்வையும் தன்னால வளரும். ஆடி மாசத்துல ஆரம்பிச்சு தீபாவளித் தையல் முடியறதுக்குள்ள எனக்கு இருநூத்தம்பது ஜோடி இப்படியே சேர்ந்துடுச்சு, அந்தப் போர்வைக்குன்னு தனியா உக்காரவே இல்ல.

நிறம் அடுக்கறதுல நான் ரொம்ப யோசிக்கறது இல்ல, ஒண்ணு மட்டும் பார்ப்பேன், எது கரு எது வெளிர்னு. எல்லாத்தையும் தரைல அடுக்கி போன்ல கறுப்பு வெள்ளைல போட்டோ எடுத்தா உடனே தெரிஞ்சுடும். பச்சையும் சிவப்பும் கண்ணுக்கு எதிரும் புதிருமா தெரியும், போட்டோல பார்த்தா ரெண்டும் ஒரே சாம்பல். கரு வெளிர் கலந்து இருந்தா எந்த நிறத்துக்குப் பக்கத்துல எது வந்தாலும் நல்லாத்தான் இருக்கு.

அப்புறம் அந்தப் பிறை மாதிரி கழுத்துத் துண்டு, கோணல் மாணல் வால்கள். அதைச் சதுரமாக்கினா பாதி வீணாகும். அதுக்கு எனக்கு வழி காட்டினது கர்நாடகால உத்தர கன்னட மாவட்டத்துல இருக்கற சித்திங்கற இன மக்களோட கவந்தி, அவங்க கையால தைக்கற ஒட்டுப்போர்வை. யெல்லாப்பூர், ஹளியால் பக்கம் காட்டோரமா இருக்காங்க, பல நூத்தாண்டுக்கு முன்னாடி ஆப்பிரிக்கால இருந்து வந்தவங்களோட வழிவந்தவங்க. அந்தப் பொம்பளைங்க அளவு எடுக்க மாட்டாங்க, முன்னாடியே வெட்டி வைக்க மாட்டாங்க. ஒரு பழைய புடவையை அடித்துணியா விரிச்சு, ஒரு மூலைல ஆரம்பிச்சு, ஓரமாவே துண்டுகளை மடிச்சு மடிச்சு வெச்சு, கையால ஓட்டுத்தையல் போட்டுக்கிட்டே சுத்திச் சுத்தி உள்ள வருவாங்க, நடுவுல வந்து முடியும். துண்டை ஒட்டறதும் அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கறதும் ஒரே தையல். நாலு மூலைலயும் முக்கோணமா மடிச்ச துணியை வெச்சுத் தைப்பாங்க, பூலான்னு பேரு, பூன்னு அர்த்தம். அது இல்லாத கவந்தி உடுத்தாம நிக்கற மாதிரின்னு சொல்லுவாங்களாம். அதைப் படிச்ச பிறகு நானும் மூலைல வைக்காம முடிக்கறது இல்ல. நம்ம பக்கத்துலயும் பாட்டிங்க பழைய புடவையை நாலா மடிச்சு நீள நீளத் தையல் போட்டு குழந்தைக்கு விரிப்பாங்கல்ல, கை அதேதான்.

நான் தைக்கற போர்வைக்கு மூணு அடுக்கு, மேல இந்தச் சதுரம், நடுவுல ஒண்ணு, அடில ஒரு துணி. உள்ள என்ன வைக்கறதுங்கறது நம்ம ஊருக்கு முக்கியம். கடையில கிடைக்கற பஞ்சு ஷீட்டு பாலியஸ்டர், கத்திரி வெயில்ல நம்ம ஊருல அதைப் போத்தினா வேர்த்து ஊத்தும். நான் பழைய பருத்திப் புடவை வைக்கறேன். அஞ்சரை மீட்டர் புடவையை ரெண்டா வெட்டிப் பக்கம் பக்கமா இணைச்சா ஒத்தைக் கட்டில் போர்வைக்குத் தாராளம். நூறு தடவை துவைச்ச புடவை, இனிமே சுருங்கறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல. கிழிஞ்ச இடத்துல மட்டும் ஒரு துண்டு ஒட்டிக்கணும். மார்கழிப் பனிக்கும் இது போதும், சித்திரைல மேல விரிச்சுப் படுக்கவும் ஆகும்.

அடிப்பக்கத்துக்குத் துணி எங்க மாமா கொடுத்தாரு. என் மாமனார் இங்க இருந்த ஏஎஃப்டி, அதாவது ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் மில்லுல வேலை பார்த்தவர், நாங்கல்லாம் ரோடியர் மில்லுன்னுதான் சொல்லுவோம். 1898-ல ஆரம்பிச்ச மில்லு, 2020-ல மூடிட்டாங்க. அவர் பீரோல மில்லு காலத்துக் காடாத் துணி ஒரு கட்டு இருந்துச்சு, யாரையும் தொட விடமாட்டாரு. இந்த ஊருல துணிங்கறது சும்மா இல்லன்னு அடிக்கடி சொல்லுவாரு. இங்கருந்து நீலத்துணி கப்பல்ல ஆப்பிரிக்கா வரைக்கும் போன கதையையும் சொல்லுவாரு, 1936 ஜூலை 30 அன்னைக்கு மில் தொழிலாளிங்க மேல சுட்டதுல 12 பேர் செத்ததையும் சொல்லுவாரு, அவங்க போராடினதாலதான் எட்டு மணி நேர வேலை வந்துச்சுன்னு சொல்லும்போது குரல் கம்மும். நான் மாடில துண்டு துண்டா அடுக்கிட்டு இருக்கறதை ரெண்டு நாள் வந்து வந்து பார்த்தாரு. மூணாவது நாள் எதுவும் பேசாம அந்தக் காடாக் கட்டைக் கொண்டு வந்து பாய் மேல வெச்சுட்டு இறங்கிப் போயிட்டாரு. அத்தைதான் அப்புறம் சொன்னாங்க, முப்பது வருஷமா அவங்களையே தொட விட்டதில்லையாம். துவைச்சா எவ்ளோ மெதுவா ஆச்சு தெரியுமா அது, கஞ்சி போனதும் வெண்ணெய் மாதிரி.

மிச்சப் பொருளெல்லாம் எங்க போச்சுன்னும் சொல்லணும். ஆரி கிளாஸ் போனப்ப வாங்கின எம்பிராய்டரி நூல், ஒவ்வொரு நிறத்துலயும் அரை அரையா இருந்துச்சு, ஆறு இழைல மூணு இழை பிரிச்சு மூணு அடுக்கையும் சேர்த்துக் கையால ஓட்டுத்தையல் போட்டேன், நிறம் தீர்ந்தா அடுத்த நிறம். ஒரு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வரிசை இருந்தா போதும், உள்ள புடவை நகராது. கைலி ஓரத்தை ரெண்டரை இஞ்ச் பட்டையா வெட்டிச் சுத்து ஓரத்துக்கு மடிச்சு அடிச்சேன், குறிஞ்சிப்பாடிக் கைலி அது, ஓரம் அவ்ளோ அழுத்தம், தேயவே தேயாது. காலர் கேன்வாஸ் துண்டுகளை ரொம்ப மெல்லிசா இருந்த மல் துணிக்குப் பின்னாடி ஒட்டி அதையும் சதுரமாக்கிட்டேன். லேஸ், மணி, ஜமிக்கி எதையும் போர்வைல வைக்கல, தூங்கறப்போ குத்தும், குழந்தை பிடுங்கி வாய்ல போடும், அதெல்லாம் சுருக்குப் பைக்கும் வாசல் தோரணத்துக்கும் போச்சு. நூல் பிசிறெல்லாம் ஊசி குத்தற மெத்தைக்குள்ள.

சுண்டு விரல் அளவு துண்டு கூட எனக்கு வீணில்ல இப்ப. 2004 சுனாமிக்கு அப்புறம் ஆரோவில்ல உபாசனாங்கற துணி வடிவமைப்பு நிறுவனத்துல மீனவப் பெண்களுக்குப் பழக்கிக் கொடுத்து, மிச்சத் துணில விரல் அளவுக்குச் சின்னச் சின்னப் பொம்மை செய்ய வெச்சாங்களே, சுனாமிகான்னு, விலைக்கு விக்காம அன்பளிப்பா கொடுத்தாங்க. என் கல்லூரிப் பையில ஒண்ணு தொங்கிட்டே இருந்துச்சு. அந்தச் சுனாமில கடலூர் தேவனாம்பட்டினத்துல எங்க சொந்தக்காரங்க வீடு போச்சு, அதனால அந்தப் பொம்மையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் துண்டுத் துணி மேல ஒரு தனி மரியாதை. இவ்ளோண்டு துணில ஒருத்தங்க கை நடுக்கத்தை நிறுத்த முடிஞ்சிருக்கே.

முதல் சாக்குல செஞ்ச போர்வை கார்த்திகைல முடிஞ்சுது. அதை யாருக்குக் கொடுக்கணும்னு ஆரம்பிக்கும்போதே முடிவு பண்ணிட்டேன். மஞ்சக்குப்பத்துக்கு பஸ்ல எடுத்துட்டுப் போனேன். டெய்லர் அக்கா கட்டில்ல விரிச்சு, முகத்தைக் கிட்டக்க கொண்டு போய், கையால தடவித் தடவிப் பார்த்தாங்க. ஒரு அஞ்சு நிமிஷம் பேசவே இல்ல. அப்புறம் ஒவ்வொண்ணா விரல் வெச்சு சொல்ல ஆரம்பிச்சாங்க. இது மாடி வீட்டு டீச்சரோடது, கை இறுக்கம்னு ரெண்டு தடவை பிரிச்சேன். இது அந்தப் பூக்காரம்மா பொண்ணு நிச்சயத்துக்கு, ஒரே ராத்திரில தெச்சது. இந்த மாம்பழ மஞ்சள் யாரோடதுடி, ஆ, உன்னோடது, உன் வளைகாப்புக்கு. கண்ணு தெரியலன்னு கடையை மூடினவங்க, தொட்டே பாதிப் பேரைச் சொல்லிட்டாங்க.

அப்புறம் போர்வையைத் திருப்பிப் போட்டு, கீழ் ஓரத்துல ஒரு இடத்தை நெருடி, "இங்க உனக்குத் தையல் ஓரத்துல ஓடியிருக்கு, ரெண்டு துவைப்புல விட்டுடும், ஊசி கொண்டா"ன்னாங்க. நான் நூல் கோத்துக் கொடுத்தேன், அவங்களே உக்காந்து தெச்சாங்க.

இன்னும் ரெண்டு சாக்கு இருக்கு. அடுத்தது அந்த யூனிஃபார்ம் நீலக் கட்டம், அது டெரிகாட்டன், பாலியஸ்டர் கலந்தது, பருத்தியோட சேராது, அதை மட்டும் தனியா ஒரு விரிப்பா போடப் போறேன், எங்க தெரு அங்கன்வாடிப் பசங்க மத்தியானம் படுக்கறதுக்கு.